தகவலாளர் ஒன்பது

இளவரசுவின் ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது, அதே ஆள் மூன்றாவது முறையாகத் தட்டுப்பட்டார்.

'தகவலாளர் 9. ஆண். வயது 56. புவனகிரியில் அரிசி ஆலைக் காவலாளி. உமித்தூசி விழுந்து வலக்கண் பார்வை இல்லை.'

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக எல்லாத் துறை ஆய்வேடுகளும் இந்த ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. காலையில் நண்டின் செவுள். மத்தியானம் சோழர் காலத்து ஏரிக் கல்வெட்டு. சாயங்காலம் நிலக்கடலையில் வேரழுகல்.

எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் படிப்பது நான் மட்டும்தான்.

அதனால்தான் சந்தேகம் வந்தது.

ஜனவரியில் ஒரு சமூகவியல் ஆய்வேடு அடித்தேன். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது. அதில் இந்தக் காவலாளி இருந்தார். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி, மனைவி இறந்துவிட்டார்.

மார்ச்சில் உளவியல். இரவு வேலை பார்ப்பவர்களின் தூக்கமின்மை. அதே ஆலை, அதே கண். ஆனால் ஊர் தஞ்சாவூர். திருமணமே ஆகாதவர்.

இப்போது மொழியியல். ஊர் விழுப்புரம். மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருக்கிறார்.

யாரோ ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஓர் ஆளை உருவாக்கியிருக்கிறார், மற்ற இருவரும் அவரை வாங்கிக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பேசாமல் அடித்துக் கொடுத்துவிட முடியாது. முன்பு ஒரு மாணவர் காப்பியடித்து மாட்டிக்கொண்டபோது, டைப்பிங் அக்காதான் பழைய ஃபைலைக் கலந்துவிட்டார் என்று என்னைக் காட்டிவிட்டார். நான்கு மாதம் கடைப் பக்கம் யாரும் வரவில்லை.

மத்தியானம் இளவரசு வந்ததும் உட்கார வைத்து, திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"இந்த ஆளு நெசமா இருக்காரா, இல்ல நீயே எழுதுனதா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நெசமான ஆளுக்கா. மில்லு வாசல்லதான் பஸ் நிக்கும். எறங்குனதும் மொதல்ல அவுருதான் கண்ல படுவாரு. சும்மாதான குந்திக்கினு இருக்காரு, யாரு போயி கேட்டாலும் பேசுவாரு."

நான் நம்பவில்லை. மற்ற இரண்டு ஆய்வேடுகளிலும் அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டினேன். அவன் இரண்டையும் படித்துப் பார்த்தான். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, இயர்போனை என்னிடம் நீட்டினான்.

மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னானாம். அப்போதுதான் ஆட்கள் ரெக்கார்டிங்கை மறந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுவார்களாம்.

முதலில் பஸ் ஹாரன். ஆலையின் இரைச்சல். பிறகு ஒரு கரகரத்த குரல், நடுநடுவே இருமல். தெரிந்த பெரியவர் யாரையாவது பேச வைத்துப் பதிவு செய்திருப்பானோ என்ற நினைப்போடுதான் கேட்டேன்.

"சுனாமி அன்னிக்கு கடலூரு தொறமொகத்துல இருந்தேன். தண்ணி வருது, தண்ணி வருதுன்னு கத்துனாங்க. கெளம்புன லாரி ஒன்னுல தாவி ஏறிட்டேன். ஊட்டுக்கு ஓடியிருக்கலாம். நாலு தெருதான். ஓடல. அம்ராதிய உட்டுட்டேன். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பிப் போறது?"

மறுபடி கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன்.

இயர்போனைக் கழற்றியபோது, இளவரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நம்பிவிட்டேனா என்று தெரியாத பதற்றம் அவனுக்கு. ஆய்வேட்டின் கடைசியிலிருந்த சொற்பட்டியலைப் பிரித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"இந்த அம்ராதி மட்டும் புரியலக்கா. எதையோ ஊட்டுலயே உட்டுட்டு வந்துருக்காரு. பொட்டியா, பாத்திரமான்னு தெரியல. அகராதி எல்லாம் பாத்துட்டேன். அவுருகிட்டயே கேக்கலாம்னு போனா, அதுக்கப்பறம் பேசவே மாட்டேன்னுட்டாரு. நீங்க கடலூராச்சே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க பக்கத்துச் சொல்லுதான் தம்பி. இப்ப யாரும் சொல்றதில்ல."

பொருள் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'வழக்கொழிந்தது' என்று அடித்தேன்.

அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. தேங்க்ஸ்க்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

மீதிப் பக்கங்களை முடித்துவிட்டு, ஐந்தரைக்குக் கடையைப் பூட்டினேன். பஸ் நிலையத்தில் புவனகிரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறுங்கம்மா, சீட்டு இருக்கு என்று கண்டக்டர் சொன்னார். படியில் வைத்த காலைக் கீழே எடுத்துக்கொண்டேன்.

கடலூர் பஸ்ஸில் ஏறி, செம்மண்டலத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடையில் எல்லாருக்கும் நான் டைப்பிங் அக்கா. என் பெயர் அமராவதி. அதை முழுசாகச் சொல்ல வராத என் கணவருக்காக, இருபது வருடமாக ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறாம் தேதியும் கடலில் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.