முங்குவதற்கு ஏற்ற மாதம்

"பவளத்தீவில் முங்குவதற்கென்று ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் போனவன்..." என்று நீர்க்காகத்தின் பெரியப்பா அடிக்கடி சொல்வார். போனவன் திரும்பி வருவானா, ஒரேயடியாகப் போய்ச் சேருவானா என்பதுதான் நீர்க்காகத்துக்கு மறந்துவிட்டது.

ஏரியோ வற்றிக்கொண்டிருந்தது. ஆடி தாண்டினால் அங்கே மீன் இருக்காது. நடுக்கடலில் இருக்கும் பவளத்தீவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆண்டுதோறும் அங்கே போய்வரும் ஆலாப் பறவையிடம் நீர்க்காகம் யோசனை கேட்டது.

"எந்த மாதம் நல்லது, அக்கா?"

"இந்த மாசியேதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். இரண்டு பனை ஆழத்தில் இருக்கிற சிப்பிகூடத் தெரியும்."

"சுறா?"

"அதுவும் தெரியும். தூரத்தில் வரும்போதே பார்த்து விலகிவிடலாம்."

"தூரத்திலிருந்தே தெரியுமா!" என்று நீர்க்காகம் ஓரடி பின்வாங்கியது. சேற்று ஏரியில் முங்கியே வளர்ந்த பறவை அது. தனக்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆடியில் எப்படி?"

"ஆடியிலா? அலை புரட்டிப் போடும். மணல் கலங்கி உன் அலகு நுனியே உனக்குத் தெரியாது. சுறா கரைப்பக்கம் ஒதுங்குவதும் அப்போதுதான். போன ஆடியில் முங்கிய உன் சித்தப்பா மகன் இன்னும் மேலே வரவில்லையே, தம்பி!"

"ஆனால் சுறா வருவது கண்ணில் படாது, இல்லையா?"

"உன் கண்ணில் படாது. அதன் கண்ணில் நீ படுவாய்."

நீர்க்காகம் இறகை விரித்து உலர்த்தியபடி நெடுநேரம் யோசித்தது.

மறுநாள் ஆலாக்கள் கூட்டமாகக் கிளம்பியபோது, தான் ஆடியில் வருவதாக நீர்க்காகம் சொல்லிவிட்டது.