கரையில் ஒரு தூக்கம்

கப்பலைத் தவறவிட்டவனுக்கு யுத்தகாலத்தில் ஜெயில்தான். அந்தப் பயத்தோடுதான் செஞ்சியில் பஸ்ஸிலிருந்து இறங்கினான் கப்பல் சமையல்காரன் பிலவேந்திரன்.

அன்று, கப்பல் நின்ற ஒரு தீவின் கரையில் கப்பல் துரைமார்கள் கடலில் குளித்துக் கும்மாளமிட, இவன் தென்னை நிழலில் அசந்து தூங்கிவிட்டான். விழித்தபோது கப்பல் இல்லை. ஊர் வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று.

பக்கத்து வீட்டு தோமினிக் இவனைக் கண்டதும் வாய் குழறி ஓட்டம் பிடித்தான். போலீஸ் தேடி வந்திருக்கும்! பிலவேந்திரன் மாதா கோயிலுக்குள் புகுந்து ஒளிந்தான். உள்ளே பூசை நடந்தது. நடுவில் கறுப்புத் துணி போர்த்திய சவப்பெட்டி.

முன்னால் முக்காட்டோடு குனிந்திருந்தவளிடம், "பெட்டியில யாரும்மா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் திரும்பவில்லை.

"யாருமில்லீங்க. எங்க ஊட்டுக்காரரு போன கப்பல்ல குண்டு போட்டுட்டாங்க. ஒடம்புகூட கெடைக்கல."

அது அவன் பெண்சாதி லில்லியின் குரல்.