கப்பல் சோலி

"மாப்பிள்ளைக்குக் கப்பல் சோலி" என்று தரகர் சொன்னதிலிருந்தே ஏலக்காய் வியாபாரி ஜக்கையனுக்கு ஒரே கவலை. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டார்.

"வருசத்துல எத்தனை மாசம் தம்பி கடல்ல இருப்பீக?"

"நான் கடல்ல கால்கூட நனைச்சதில்ல மாமா" என்றான் செழியன். "போடியில வீட்டுல இருந்தேதான் வேலை. கம்ப்யூட்டருக்குள்ளயே தண்ணி ஓட விட்டு, கட்டப்போற கப்பலை அதுல இறக்குவேன். யாரும் இழுக்காம, அதோட புரொப்பல்லர் விசிறியே சுத்தி அதைத் தள்ளுதா, நினைச்ச வேகத்துல போகுதான்னு பார்த்துச் சொல்லுவேன்."

"அப்ப ராத்திரிக்கு வீட்டுலதான் இருப்பீகளா?"

"பகல்லயும் வீட்டுலதான் மாமா."

ஜக்கையன் துள்ளி எழுந்தார். உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "கேட்டியா வேலுத்தாயி! மாப்ள வீட்டோடவே இருப்பாராம்! ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கரையில இருக்கணுமேன்னுதான் பயந்து கெடந்தேன். கேசரியை வெரசா குடுத்து விடு!"

கேசரியோடு வந்தாள் மகள் பானுப்பிரியா. சரக்குக் கப்பலில் என்ஜினியர், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"அடுத்த மாசம் கப்பல் ஏறுறேன். திரும்பி வர ஆறு மாசம் ஆகும். தனியா இருந்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

செழியனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க கப்பலோட அளவெல்லாம் அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல கூடவே ஓட்டிக்கிட்டு வர்றேன்."