குடும்பக் கல்லறை, பதினான்காம் வருடம்

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கழித்துக் குடும்பக் குழியைத் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்யலாம். அப்பாவின் குழிக்கு இந்த மாதத்தோடு பதினான்கு முடிகிறது. அம்மா நேற்றுக் காலையில் இறந்தார்.

குழி வெட்டும் மரியநாதன் மண்ணுக்குள் கம்பியை இறக்கினார். நுனியில் ஒட்டி வந்ததை நானே அளந்தேன். க்ரீம்களில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கையெழுத்துப் போடுவதுதான் இருபது வருடமாக என் வேலை. குறைந்தால் கம்பெனியில் கத்துவார்கள். இங்கே புதைத்த உடலில் அந்த மருந்து பூஜ்யத்துக்கு வந்தால்தான் குழியைத் திறக்க விடுவார்கள்.

கருவி 0.8 சதவீதம் காட்டியது. அப்பா தினமும் பாதவெடிப்புக்குப் பூசிய க்ரீமுக்கு நான் சான்று கொடுத்த அதே அளவு.

“கொஞ்சம்கூடக் குறையலையே, அண்ணா!”

“எங்கேம்மா குறையுது? போன வாரம் பக்கத்துக் குழியைத் தெரியாம திறந்துட்டேன். எப்பவோ புதைச்ச பெரியவரு பவுடர் போட்ட முகத்தோட அப்படியே படுத்திருக்காரு.”

“அப்போ அம்மாவை எங்கே வைக்கிறது?”

அவர் கம்பியைத் துடைத்தார். “வீட்லயே இருக்கட்டும்மா. ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க, தேவைப்படாது. எங்க தெருவுல எல்லாரும் செத்தவங்கள ஹால்லதான் உக்கார வச்சிருக்காங்க.”

திரும்பும் வழியில், அம்மா வழக்கமாகப் பூசும் க்ரீமில் பெரிய டப்பாவாக ஒன்று வாங்கினேன். அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது.