கண் எழுதாத முகம்

"அந்தா ஜன்னல் பக்கத்துல ஒரு படம் தொங்குதுலா, அது எங்க தம்பி இசக்கிப்பாண்டி. அவனுக்கு ஏன் நீங்க கண்ணே வரையல?"

சுயம்புலிங்கம் கேட்டதும், எதிரே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஓவியர் கோமதிசங்கர் நிமிர்ந்து பார்த்தார். மணி மூன்றரை. மத்தியானக் கூட்டம் கலைந்து, பாரில் அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

சங்கரன்கோவிலில் குடிக்க வருகிறவனுக்கு ஓவியம் ஒரு கேடா என்று ஊரே கேலி பேசியது. பார் முதலாளி காதிலேயே வாங்கவில்லை. வாடிக்கையாக வருகிறவர்களின் முகங்களை வரையச் சொல்லி சுவர் முழுக்க மாட்டிவிட்டார். வரைகிற கோமதிசங்கருக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சில முகங்களுக்குக் கண் இருந்தது. பலவற்றில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"நீங்க அவன் அண்ணனா?"

"ஆமா. காணாமப் போயி மூணு மாசம் ஆச்சு. போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாச்சு. அம்மா வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடக்கா. உயிரோட இருக்கானா இல்லையானு உங்களுக்குத் தெரியும்னு சொன்னாவ."

கோமதிசங்கர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"சாமி சிலைக்குக் கண்ணத் தெறந்தா சாமி உள்ள வந்துரும்லா? மனுசன் படமும் அப்படித்தான். இருக்கவனுக்குக் கண்ணு எழுதினா உயிரு படத்துல ஏறிரும். அதனால செத்த பொறவுதான் எழுதுவேன். இந்தா, மீசைக்காரர் சங்கரநாராயணன். போன வருசம் ஆடித்தபசு அன்னிக்கு, சோறு தின்னுக்கிட்டு இருக்கையில கை தானா குறுகுறுத்துச்சு. எந்திரிச்சுக் கண்ண எழுதிட்டேன். கால் மணி நேரம் கழிச்சுத்தான் போன் வருது, ஆளு பஸ் ஸ்டாண்டுல விழுந்து போயிட்டாருன்னு."

சுயம்புலிங்கத்துக்கு கண் எழுதிய முகங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முன்னால் இருந்த பிரியாணியில் அவன் இன்னும் கை வைக்கவில்லை.

"இதுவரைக்கும் தப்புனதே இல்லையா?"

"ஒரு தடவகூட இல்ல. துபாய்ல செத்தாலும் இந்தக் கைக்குத் தெரிஞ்சிரும்."

"எங்க தம்பிக்கு?"

"ஒண்ணும் தெரியலயே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. சித்திரை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்..."

"அன்னிக்கும் இங்கனதான் இருந்தேன். கை அசையல."

"இப்ப ஒரு தடவ பிரஷ எடுத்துப் பாருங்களேன்." குரல் கெஞ்சியது.

பார்க்கவே பாவமாக இருந்தது. கோமதிசங்கர் கை கழுவிவிட்டு வந்து, பிரஷைக் கறுப்பில் தோய்த்து இசக்கிப்பாண்டியின் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு நிமிடம் நின்றார். இரண்டு நிமிடம். கை கல்லாக நின்றது. திரும்பி, வாய் நிறையச் சிரித்தார்.

"பயப்படாதீய அண்ணாச்சி. உங்க தம்பி உயிரோடதான் இருக்கான். வீடு தேடி வந்துருவான். போயி அம்மாகிட்டச் சொல்லுங்க."

சுயம்புலிங்கத்துக்கு கண்ணில் நீர் முட்டியது.

"சந்தோசத்துல அழுதீயளா? நல்லா அழுங்க." ஓவியர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சொத்தில் பாகம் கேட்ட தம்பியை இளையரசனேந்தல் காட்டுக் கிணற்றில் தள்ளிவிட்டு, மறுநாளே ஜேசிபி வைத்து அந்தக் கிணற்றை மண்போட்டு மூடியவன் சுயம்புலிங்கம்தான்.