ஒற்றைக் கையன்

“கொலைகாரன் மறுபடியும் வீட்டுக்குள்ள வந்துட்டான், கொஞ்சம் சீக்கிரம் வாங்க” என்று தாமர் போனில் சொன்னான். குரலில் பயத்தைக் காணோம், சந்தோஷம்தான் வழிந்தது.

கொலைகாரன் புகுந்தது அவனுடைய உப்புநீர் மீன்தொட்டியில். கடலில் எடுத்த கல்லின் பொந்தில் ஒளிந்து வந்து, ஒரே குத்தில் நண்டின் ஓட்டை உடைத்து, மீனையும் விட்டுவைக்காத குத்துச்சண்டை இறால். சுரபாயாவில் மீன்தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் அதன் ‘டக்’ சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும். தாமருக்கு மட்டும் அது கல்யாண மேளமாகக் கேட்டது.

காரணம், அதைப் பிடிக்க, கல் விற்ற கடையிலிருந்து வருபவள் கினாசி, கடைக்காரரின் மகள். அவளைப் பார்ப்பதற்காகவே வாராவாரம் கல் வாங்கினான். கல்லோடு ஓர் இறாலும் தவறாமல் வந்தது. அவள் வருவாள், பிடிப்பாள், போவாள். மனதில் இருப்பதைச் சொல்ல நினைக்கும்போது இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இன்றும் வந்தாள். கல்லை வாளியில் வைத்து, பொந்துக்குள் சோடாவை ஊற்றி, “வாடா வெளிய” என்றாள். இறால் சமர்த்தாக வந்து டப்பாவில் விழுந்தது.

பேச ஏதாவது கிடைக்காதா என்று தாமர் எட்டிப் பார்த்தான். “இதுக்கும் குத்துற கை ஒண்ணுதான் இருக்கு. போன வாரம் வந்ததும் ஒத்தைக் கைதானே?”

“பரம்பரையே சண்டைக்காரப் பரம்பரை போல, சார்” என்றாள் கினாசி, நிமிராமலே.

அவன் வாங்கி வைத்திருந்த வாழைப்பழ பஜ்ஜியை நிதானமாகத் தின்றுகொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அப்பா கடல் கல் விற்கப் போவதில்லையாம். அவரே வார்த்த சிமென்ட் கல் மட்டும்தானாம். அதில் எந்த இறாலும் ஒட்டிக்கொண்டு வராதாம்.

தாமருக்குப் பகீரென்றது. இறால் இல்லையென்றால் போன் இல்லை. போன் இல்லையென்றால் கினாசி இல்லை. வாசல்வரை பின்னாலேயே போனான். நாக்கு வழக்கம்போல் காலை வாரியது.

“தொல்லை விட்டுதுன்னு சந்தோஷம்தானே சார்?” என்று கேட்டபடி ஸ்கூட்டரில் டப்பாவை மாட்டினாள்.

அவள் டப்பாவைச் செல்லமாகத் தட்டிவிட்டு, முதன்முறையாக அவன் பெயரைச் சொன்னாள்.

“சிமென்ட் கல்லுக்குள்ள இவனை நான் எப்படி ஒளிச்சு அனுப்புறது, தாமர்? இன்னிக்காவது வாயைத் திறங்க.”