கை திரும்புமுங்களா?

டாக்டர் நித்யஸ்ரீ எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

வேல்முருகன் படத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டே கால் வருடத்தில் டாக்டர்களின் முகத்தைப் படிக்கப் பழகியிருந்தான். உதட்டைப் பிதுக்கினால் இன்னொரு ஆபரேஷன் என்று அர்த்தம்.

அவர் உதட்டைப் பிதுக்கவில்லை.

"கூடிருச்சுங்க. ரெண்டு எலும்பும்."

வேல்முருகன் அப்போதுதான் படத்தைப் பார்த்தான்.

போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கரும்புக் காட்டில், துளையிலிருந்து மேலே ஏற்றிய இரும்பு ராடு நழுவி, வலது முன்கையில் விழுந்தது. இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அங்கேயே பிளேட் வைத்தார்கள். ஊருக்கு வந்ததும் சீழ் பிடித்தது, பிளேட்டை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறு பிளேட். அதன் ஸ்குரூ உடைந்தது. புண் ஆறியது, எலும்பு மட்டும் கூடவே இல்லை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூட்டே இருக்கக் கூடாத இடத்தில், கை மடங்கித் தொங்கியது.

சேந்தமங்கலத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மறுபடி எப்ப வண்டிக்குப் போவ?

கடைசியில்தான் அஸ்தம்பட்டியில் இந்தக் கிளினிக். நித்யஸ்ரீ அவன் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிவின் இடைவெளியில் வைத்தார். பீடியை விட்டால்தான் கையைத் தொடுவேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்றைக்கே விட்டான்.

இப்போது அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வெயிட்டு மட்டும் இன்னும் ஆறு மாசத்துக்குத் தூக்கக் கூடாது. வண்டி வேலைக்கு அவசரப்படாதீங்க."

"வெயிட்டு கெடக்குதுங்க மேடம். கை திரும்புமுங்களா?"

டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு முழங்கையை இடுப்போடு ஒட்டி வைக்கச் சொல்லி, உள்ளங்கையை மேலே காட்டச் சொன்னார்.

வேல்முருகன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினான். உள்ளே எங்கோ சுருக்கென்றது. கண்ணைத் திறந்தபோது உள்ளங்கை ரேகை தெரிந்தது. முழுசாக இல்லை, முக்கால்வாசி.

பிறகு கீழே. மறுபடி மேலே. டாக்டர் போதும் என்ற பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தான். மீதி பயிற்சியில் வந்துவிடும் என்று அவர் சொன்னபோது கும்பிட்டான். இரண்டு கையும் சேர்ந்தன.

வெளியே நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவன் மனைவி அமுதவல்லி மாடிப்படிப் பக்கம் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

அமுதவல்லிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

கல்யாணமான முதல் வருடம் முழுக்க, அவளிடம்தான் அவன் கைப்பேச்சு கற்றுக்கொண்டான். அதற்கு இரண்டு கையும் வேண்டும். உள்ளங்கை இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் திரும்பினால் வேறு. இரண்டே கால் வருடமாக இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு சோறு, தண்ணி, மாத்திரை, போலாம் என்று ஒப்பேற்றியிருந்தான். கேலியோ கோபமோ ஊர்க்கதையோ, எதை ஆரம்பித்தாலும் பாதியில் விட்டுவிடுவான். அவளும் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவாள்.

வேல்முருகன் இரண்டு கையையும் தூக்கினான்.

எலும்பு கூடியதைச் சொன்னான். முக்கால்வாசி திரும்புவதைச் சொன்னான். அதோடு நிற்கவில்லை. போன தையில் அவள் தங்கச்சி கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்ட கதையை, சொல்லவந்து சொல்ல முடியாமல் விட்டதை, முதலிலிருந்து ஆரம்பித்தான். கை வலித்தது, ஆனாலும் வீச்சைக் குறைக்கவில்லை. சித்தப்பாவின் முழியைக் கூட விடாமல் சொன்னான். சுவரோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அமுதவல்லி சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். ஃபைலை நாற்காலியில் போட்டுவிட்டு, நெஞ்சுக்கருகே விரல்களைச் சின்னதாக அசைத்தாள்.

கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.